பட்டை சேர்த்தால் பாரம் குறையுமா?

(எழுதியவர்: ப்ளஸ் ஒன் மாணவன்)



போன ஐப்பசி மழையில் எங்க அப்பாவோட வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. அப்பா கான்கிரீட் மேஸ்திரி. லோடு வண்டிக்குப் பின்னால் கலவை மெஷினை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை இறக்கத்தில் வந்தவர் பிரேக் போட்டிருக்கிறார். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பலை. புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று ராத்திரி அம்மா சாப்பிடவே இல்லை.

"பட்டை சேர்த்து ரெண்டு மாசம்கூட ஆகலையே, அப்புறம் ஏன்?" என்று அப்பா கேட்டுக்கிட்டே இருந்தார். அதற்கு நான் தேடிய விடைதான் இந்தக் கட்டுரை.

பட்டை என்றால் என்ன?

லோடு வண்டியின் பின் அச்சின் மேல், வில் போல வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் பட்டை. நம்ம தாத்தா காலத்து வில் வண்டிக்குப் பெயர் வந்ததும் இந்த வில்லால்தான். லாரியில் தேய்ந்த பட்டையை வாங்கித்தான் கொல்லர்கள் அருவாள் அடிக்கிறார்கள். அவ்வளவு உறுதியான எஃகு!

பாரம் கூடினால் வில் அதே விகிதத்தில் அமுங்கும். இது நாம் படிக்கும் ஹூக் விதி. ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்டது.

செய்து பாருங்கள்: ஒரு ஸ்கேலை மேசை ஓரத்தில் நீட்டி அமுக்குங்கள். சுலபமாக வளையும். அதே மாதிரி இரண்டை அடுக்கி அமுக்கினால் இரண்டு மடங்கு பலம் வேண்டும். ஆனால் இரண்டு மடங்கு தடிமனான ஒரே ஸ்கேலை வளைக்க எட்டு மடங்கு பலம் வேண்டும்! அதனால்தான் "ஒரு பட்டைதானே" என்று தடிப்பானதைச் சேர்த்தால் வண்டி காலியாகப் போகும்போது குதிக்கிறது.

பின்பக்கம் தாங்க நாலு வழி

1. கூடுதல் பட்டை: விலை குறைவு. ஆனால் பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விறைப்பாகவே இருக்கும்.

2. துணைப் பட்டை: மெயின் கட்டுக்கு மேலே தனியாக நிற்கும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால்தான் வேலை செய்யும். லாரிகளில் பார்த்திருப்பீர்கள்.

3. ரப்பர் தாங்கி: சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கும். பழுது குறைவு. ஆனால் வண்டியைத் தூக்கிக் கட்டியிருந்தால் இடைவெளி கூடிவிடும், ரப்பர் அச்சைத் தொடவே தொடாது.

4. காற்றுப் பை: பாரத்துக்கு ஏற்ப காற்று ஏற்றி இறக்கலாம். ஓட்டை விழுந்தால் போச்சு. தூக்கிய வண்டியில் அந்த உயரத்துக்கு ஏற்ற கட்டை வைக்காவிட்டால் பை அளவுக்கு மேல் இழுபட்டுக் கிழியும்.

எங்க அப்பா முதல் வழியைத்தான் எடுத்தார். கல்லு முள்ளுப் பாதையில் அடி தட்டாமல் இருக்க, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டையும் வைத்து வண்டியைத் தூக்கினார்.

எடை மேடையில் தெரிந்த உண்மை

எங்க மெஷினுக்கு ரெண்டு சக்கரம்தான். அதனால் இழுவைக் கம்பி வண்டியின் கொக்கியை 150 கிலோ பாரத்தோடு அமுக்கும். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் தூரம். இது சீசா பலகை மாதிரிதான்! பின்னால் அமுக்கினால் முன்னால் எழும்பும்.

150 × 1.2 ÷ 3 = 60 கிலோ.

அதாவது பின் சக்கரங்களில் 210 கிலோ கூடும், முன் சக்கரங்களில் 60 கிலோ குறையும். அப்பாவை நச்சரித்து எடை மேடைக்குக் கூட்டிப்போனேன். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். மெஷின் இல்லாமல் 880 கிலோ, மாட்டியதும் 820. கணக்கு சரியாக வந்தபோது எனக்கே புல்லரித்துவிட்டது.

பட்டை சேர்த்ததால் பின்பக்கம் நிமிர்ந்து அழகாகத்தான் நின்றது. ஆனால் போன 60 கிலோ முன்னால் திரும்பி வரவில்லை. பட்டை உயரத்தைத்தான் தரும், பாரத்தை இடம் மாற்றாது. திரும்புவதும் பெரும்பகுதி பிரேக்கும் முன் சக்கரத்தில்தான். ஈர ரோட்டில் அது வழுக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. சில லோடு வண்டிகளில், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. தூக்கிக் கட்டியதும் அந்த வால்வு, "வண்டி காலியாக இருக்கு" என்று ஏமாந்துவிடுகிறது. பாரம் இருந்தும் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கிறது. எங்க வண்டியில் அது இருந்தது. கட்டை வைத்தவர் அதைத் தொடவே இல்லை.

பிறகு என்ன செய்தோம்?

• இரும்புக் கட்டையையும் தடிப் பட்டையையும் கழற்றி, வண்டிக்கென்றே வரும் துணைப் பட்டையைப் போட்டோம். வால்வையும் சரிபார்த்தோம்.
• மெஷின் மட்டமாக வருகிற உயரத்தில் கொக்கியை வைத்தோம். கொக்கி உயரமாக இருந்தால் மெஷின் பின்பக்கம் சாயும். கொக்கியில் பாரம் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து, வால் ஆடுகிற மாதிரி மெஷின் ஆடும். இழுக்கும் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இருக்கணும்.
• சிமெண்ட் மூட்டையை இப்போது கேபினை ஒட்டி அடுக்குகிறோம்.

ஒன்று முக்கியம்: எந்தப் பட்டை போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை அளவு ஒரு கிலோகூடக் கூடாது. டயர், அச்சு, பிரேக் எல்லாம் பழசுதானே! மயிலிறகு ஏற்றிய வண்டிக்கே அச்சு முறியும் என்ற குறளை நாம் மனப்பாடம் செய்கிறோம். அப்பாவுக்கு அதைச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

உங்க வீட்டிலும் லோடு வண்டி இருந்தால், இன்றைக்கே ஒரு தடவை எடை மேடைக்குக் கூட்டிப் போங்கள். முன் சக்கரத்தை மறக்காதீங்க!