இரண்டு இயர் பிளக்கும் பேசிக் கொண்டால்தான் திசை தெரியும்

பல்லடம், மங்கலம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடம் ஒன்றில் நுழைந்து பாருங்கள். அருகில் நிற்பவரிடம் கூட சைகையில்தான் பேச வேண்டியிருக்கும். ஆனால் அங்கே தறி ஓட்டுபவருக்கு, முதுகுக்குப் பின்னால் ஒரு தறியின் ஓசை மாறினால் போதும்; திரும்பி நேராக அந்தத் தறிக்கே போய்விடுவார். காதில் எதையாவது அடைத்துக் கொள்ளுங்கள் என்றால், தறிச் சத்தம் தெரியாமல் எப்படித் தறி ஓட்டுவது என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆனால் காதுக்கும் ஓர் அளவு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு தரும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான். தறிக் கூடங்களில் 90-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். உட்செவியில் உள்ள நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது.

திசை எப்படித் தெரிகிறது?

இடப் பக்கமிருந்து வரும் ஒலி இடது காதை முதலில் எட்டுகிறது. வலது காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் 0.6 அல்லது 0.7 மில்லி செகண்ட் தாமதமாகும். அத்துடன், தலை குறுக்கே நிற்பதால் வலது காதில் சத்தமும் குறைகிறது; கீச்சென்ற ஒலிகளில் இது நன்றாகவே தெரியும். இந்த நேர வேறுபாடு, அளவு வேறுபாடு இரண்டையும் ஒப்பிட்டுத்தான் மூளை திசையை அறிகிறது. இதனை 1907-ல் விளக்கியவர் ஆங்கிலேய விஞ்ஞானி லார்ட் ரேலே.

இதனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்த்திடலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து, ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல்+டி அழுத்தி அதற்கு ஒரு நகல் எடுத்திடவும். ஒரு டிராக்கின் பான் ஸ்லைடரை முழுவதும் இடப் பக்கமும், மற்றதை முழுவதும் வலப் பக்கமும் தள்ளுங்கள். ஹெட்போனில் கேட்டால் ஒலி தலையின் நடுவில் இருக்கும். இனி வலது டிராக்கின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, ஜெனரேட் மெனுவின் சைலன்ஸ் மூலம் 26 சாம்பிள் இடைவெளி சேருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் இது 0.6 மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஒலி இடப் பக்கம் ஓடிவிடும்!

சிக்கல் எங்கே?

எலெக்ட்ரானிக் இயர் பிளக்கில் வெளியே மைக், உள்ளே சிறு ஸ்பீக்கர், நடுவில் ஒரு சிப் இருக்கும. மெல்லிய ஒலியை அப்படியே உள்ளே விடும். பெரிய சத்தத்தைக் குறைத்துத் தரும். ஆனால் இரண்டும் தனித்தனியே வேலை செய்தால் என்ன ஆகும்?

இடப் பக்கத் தறியின் சத்தம் இடது காதில் 95, வலது காதில் 87 டெசிபல் என்று வைத்துக் கொள்வோம். 82-க்கு மேல் விடக் கூடாது என்பது சிப்புக்கு இடப்பட்ட கட்டளை. இடது பிளக் 13 குறைக்கும். வலது பிளக் 5 குறைக்கும். இரண்டு காதிலும் 82! 8 டெசிபல் வேறுபாடு மறைந்துவிட்டது. காது பிழைத்தது, ஆனால் திசை குழம்பியது.

இதற்கு வழி, இரண்டும் கலந்து பேசி ஒரே அளவு குறைப்பதுதான். இரண்டும் 13 குறைத்தால் இடதில் 82, வலதில் 74. அதே 8 டெசிபல் வேறுபாடு நிற்கிறது. இதற்கு முழு ஒலியையும் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு அனுப்பத் தேவையில்லை. எவ்வளவு குறைக்கிறோம் என்ற எண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால் பேட்டரி செலவும் குறைவு. ஒலியை அலசிக் கொடுக்க இரு சிப்களும் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று அரை மில்லி செகண்ட் பிந்தினாலும், ஆடாசிட்டியில் பார்த்தது போலத் திசை மாறிவிடும்.

புளூடூத்தின் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைகளை உடலில் உள்ள நீர் உறிஞ்சிவிடுவதால், அவை தலையைத் தாண்டிச் செல்லத் திணறும். எனவே இந்த உரையாடலுக்குக் குறைந்த தூரக் காந்தப் புலத்தைப் பயன்படுத்தும் முறை உண்டு. செவிக் கருவிகளில் இந்த வழி முன்பே வந்துவிட்டது. 2004-ல் சீமென்ஸ் வெளியிட்ட அக்யூரிஸ் கருவிகள் இரண்டும் வயர் இன்றித் தமக்குள் தொடர்பு கொண்டன.

வாங்கும் முன்...

* சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பு அட்டைப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸில் நாய்ஸ் கேன்சலிங் இருப்பதால் மட்டும் அது பாதுகாப்புக் கருவி ஆகிவிடாது.

* இரண்டு பிளக்கும் அளவை ஒத்திசைத்துக் குறைக்கின்றனவா என்று கேளுங்கள். பாட்டுக்காக இணைவது வேறு, இது வேறு.

* வாங்கியபின் ஒரு சோதனை. கண்களை மூடிக் கொண்டு, வீட்டில் ஒருவரை வெவ்வேறு இடத்தில் நின்று பலமாகக் கை தட்டச் சொல்லுங்கள். ஒலி வந்த திசையைச் சரியாகக் காட்ட முடிகிறதா?

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோம் பிளக் போதும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காது மடலை மேல் நோக்கி இழுத்துச் செருகி, விரியும் வரை பிடித்திருங்கள். திசை சற்றுக் குழம்பலாம். ஆனால் கேட்கும் திறனே போய்விட்டால் திசை என்ற பேச்சுக்கே இடமில்லை.