‘செட்’: மூன்றே எழுத்து, 430 பொருள்! தெரியுமா?

ஆங்கில அகராதியில் அதிகப் பொருள் கொண்ட சொல் என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் எதைக் குறித்து வைத்திருந்தது, தெரியுமா? வாயில் நுழையாத நீளச் சொல் எதையும் தேட வேண்டாம். ‘செட்’தான்! ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ‘செட்’ வினைச்சொல்லாக வருவதற்கு மட்டும் 430 பொருள்! அந்த ஒரு சொல்லை விளக்க அகராதிக்காரர்கள் எழுதியது 60,000 சொற்கள். ஒரு முழு நாவலே அதற்குள் அடங்கிவிடும்.

அப்படி என்னென்ன வேலை பார்க்கிறது இந்தச் சொல்? கான்கிரீட் இறுகினால் செட். முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டினால் செட். மோதிரத்தில் கல் பதித்தால், அலாரம் வைத்தால், சாப்பாட்டு மேஜையில் தட்டும் கரண்டியும் எடுத்து வைத்தால், அச்சுக் கோத்தால், வினாத்தாள் தயாரித்தால், பூ பிஞ்சு பிடித்தால் எல்லாமே செட். சூரியன் மறைவதும் செட், கோழி அடைகாப்பதும் செட். கொஞ்சம் நின்று இந்தக் கடைசி இரண்டையும் பாருங்கள். நம் கிராமத்துப் பேச்சிலும் கோழி ‘அடை’யில் உட்காருகிறது, பொழுதும் ‘அடைகிறது’! ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், சூரியனையும் கோழியையும் ஒரே சொல்லில் சேர்த்துப் பிடித்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னொரு விந்தை. பாய் விரித்துக் கப்பல் கிளம்பினாலும் ‘செட்’, அசையாமல் ஓரிடத்தில் நிலைத்துவிட்டாலும் ‘செட்’! பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டினால் ஆட்டமே மாறிவிடும். ‘ஆஃப்’ சேர்த்தால் பயணம் கிளம்பலாம், வெடியும் வெடிக்கலாம். ‘பேக்’ சேர்த்தால் பின்னடைவு. ‘அப்’ சேர்த்தால் புதிதாக ஒரு நிறுவனம் எழும்பும். அதே ‘செட்டப்’ அப்பாவி ஒருவரை மாட்டிவிடும் சதியாகவும் ஆகும். “எல்லாம் செட்டப்புப்பா” என்று டீக்கடையில் சொல்கிறோமே, அந்தச் செட்டப்!

இதெல்லாம் எங்கிருந்து முளைத்தது? பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்றால் உட்கார். ‘செட்டன்’ என்றால் உட்காரவை. அவ்வளவுதான்! பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை நினைவிருக்கிறதா? திருந்து–திருத்து, உருள்–உருட்டு என்று நாம் இன்றும் சரளமாகச் செய்கிற அதே வித்தை ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது சில ஜோடிகள்தான். ‘ஃபால்’ என்றால் விழு. ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. ‘சிட்’டும் ‘செட்’டும் அப்படி எஞ்சிய ஜோடிதான்.

‘அமர்’ என்று பொருள்படும் இவற்றின் ஆதி வேர் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, தெரியுமா? நாடாளுமன்றத்தின் ‘செஷன்’, அதாவது அமர்வு. முன்னே அமர்ந்திருக்கும் ‘பிரெசிடென்ட்’. குதிரை மேல் போடும் ‘சேடில்’. பறவை வந்து அமரும் ‘நெஸ்ட்’. அட, சமஸ்கிருத ‘உபநிஷத்’தின் உள்ளே இருப்பதும் அதே வேர்தான்!

ஆனால் செட் தோசையின் ‘செட்’ இந்தக் குடும்பமே இல்லை! தொகுப்பு, ஜோடி, கூட்டம் என்ற பொருளில் வரும் ‘செட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் ‘செக்டா’ என்ற லத்தீன் சொல். பின்தொடர்ந்து செல்பவர்கள் என்று பொருள். மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’, வெற்றிப் படத்துக்குப் பின்னால் வரும் ‘சீக்வல்’, முதலாவதுக்கு அடுத்து வரும் ‘செகண்ட்’ எல்லாம் இதன் பங்காளிகள். ஆக, ஸ்டூடியோவில் ஆசாரிமார் அடித்து எழுப்பும் அரண்மனை செட் ஒரு குடும்பம். அதே படத்தின் சீக்வலும், படப்பிடிப்பு இடைவேளையில் சாப்பிடும் செட் தோசையும் இன்னொரு குடும்பம்! ஆங்கிலத்தில் ஒலியும் எழுத்தும் ஒன்றாகிப் போனதால், இரண்டு ஆறு கலந்த மாதிரி பொருள்களும் கலந்துவிட்டன.

பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்கும் ‘செட்’ என்றுதான் பெயர். நடுவதற்கு எடுத்து வைக்கும் சின்ன வெங்காயமும் செட். வேட்டை நாய்களில் ‘செட்டர்’ என்று ஓர் இனம் உண்டே, ஏன் அந்தப் பெயர்? இரையின் மோப்பம் கிடைத்ததும் அது பாயாது, குரைக்காது. அப்படியே பதுங்கிப் படுத்துக் காட்டிக் கொடுக்கும்! டென்னிஸ் செட் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் ஆடிய ஐந்தாவது செட்? 70–68! ஒரே செட் 8 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஆட்டம் மூன்று நாள் நடந்தது. கணக்கிலும் செட் உண்டு: ஜெர்மனியின் கேன்டர் 1874-இல் தொடங்கி வைத்த துறை. தமிழ்நாட்டு மாணவர்கள் அதைக் ‘கணம்’ என்று படிக்கிறார்கள், இலங்கையில் ‘தொடை’ என்கிறார்கள்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இப்படி என்றால், ஒரு பொருளுக்குப் பல சொல்? பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் ஒத்த பொருள் சொற்களைத் திரட்டி 1852-இல் வெளியிட்ட ‘தெசாரஸ்’ இன்றும் விற்கிறது. அப்போது அவருக்கு வயது 73! கிளாஸ்கோ பல்கலைக்கழகமோ ஆங்கிலச் சொற்களையெல்லாம் பொருள்வாரியாக அடுக்கும் வேலையை 1965-இல் தொடங்கி 2009-இல்தான் முடித்தது. நடுவில் 1978-இல் கட்டடமே தீப்பிடித்தது. சொற்களை எழுதிவைத்த காகிதச் சீட்டுகள் இரும்பு அலமாரிகளில் இருந்ததால் பிழைத்தன! இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் திவாகர நிகண்டு வந்துவிட்டது. தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்களைத் திரட்டிக்கொண்டே போகும் அந்த நூலின் 12 தொகுதிகளில் பதினொன்றாவது எது, தெரியுமா? ஒருசொல் பல்பொருள்!

செட்டின் மகுடம் இப்போது பறிபோய்விட்டது. ஆக்ஸ்போர்டின் புதிய பதிப்புக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்து ‘ரன்’ என்ற வினைச்சொல்லை அலசினார். 2011-இல் தெரியவந்த எண்ணிக்கை 645! இதுவும் மூன்றே எழுத்துதான். மூக்கு ஒழுகினால் ரன், கடை நடத்தினால் ரன், சாயம் போனால் ரன், நாடகம் நூறு நாள் ஓடினால் ரன். தேர்தலிலும் அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ பண்ணுகிறார். பிரிட்டிஷ் வேட்பாளர் மட்டும் நம்ம ஊர் வேட்பாளரைப் போலவே நிற்கிறார்!