வீட்டின் முதல் பட்டதாரி

காலை ஷிப்டுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனிப் பேருந்துகள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிப் போகின்றன. ஏறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோல் தைப்பவர்கள், பசை பூசுபவர்கள். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், இந்தத் தகவல் உங்களுக்குத்தான்.

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லையா? இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அரசுக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. 2010-11 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ஆனால் வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அக்கா பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். கலந்தாய்வு நெருங்கும்போது ஓடினால் அலைச்சல்தான், முன்பே வாங்கி வையுங்கள்.

படிக்கப் பக்கத்திலேயே கல்லூரிகளும் உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே வந்துவிட்டது. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல். வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம். பஸ், புத்தகச் செலவு?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் பெறலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாக. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.