மூளையைப் படிக்கக் கணக்கும் தேவை

பத்தாம் வகுப்பு முடித்த மகள், ‘மூளையைப் பற்றிப் படிக்கப் போகிறேன்’ என்கிறாள். பெரும்பாலான வீடுகளில் அன்று மாலையே தீர்ப்பு வந்துவிடும்: உயிரியலை எடு, கணக்கை விடு. மருத்துவ நுழைவுத் தேர்வில் கணக்கு இல்லையே, வீண் சுமை எதற்கு? டெல்லியானாலும் சென்னையானாலும் இதே பேச்சுதான். ஆனால் அந்த மாணவி நரம்பு அறிவியல் ஆய்வாளராக விரும்பினால், இது தப்புக் கணக்கு.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை தரும் நிபுணராக எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று நீண்ட மருத்துவப் படிப்பு வேண்டும். நரம்பு அறிவியல் வேறு. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் சேர்ந்து எப்படிப் பார்க்கின்றன, நினைவில் வைக்கின்றன, பயப்படுகின்றன என்று ஆராய்வது அதன் வேலை. அதற்கு ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை.

அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1973லேயே இளநிலையில் இதைத் தனிப் பாடமாகத் தொடங்கியது. இன்று அங்கே பல கல்லூரிகளில் இந்தப் பட்டம் உண்டு. பாடத்திட்டங்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருந்தாலும் அடித்தளம் ஒன்றுதான்: உயிரியல், வேதியியல், இயற்பியல், நுண்கணிதம், புள்ளியியல், உளவியல். இவற்றின் மேல்தான் செல் நரம்பியலும் நடத்தை ஆய்வும் சோதனைக்கூடப் பயிற்சியும் வருகின்றன. கம்ப்யூட்டர் புரோகிராமிங்கும் இப்போது ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது.

கணக்குக்கு இங்கே என்ன வேலை? பிரிட்டனின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று அளந்தார்கள். 1952ல் அதை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்கள். 1963ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நரம்பணுக்களின் மின்துடிப்புகளைப் பதிவு செய்யக் கருவிகள் வந்துவிட்டன. குவியும் எண்களைப் படிக்கத் தெரியாதவருக்கு அவை வெறும் கிறுக்கல்.

இந்தியாவில் நரம்பு அறிவியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் இடங்கள் குறைவு. சுற்று வழிகள்தான் அதிகம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2011ல் தொடங்கிய நான்காண்டுப் பட்டத்தில் முதல் மூன்று செமஸ்டர்களுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் எல்லோருக்கும் பொது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர் விண்ணப்பிக்கவே முடியாது. ஐசர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் நான்கு பாடங்களிலும் சம அளவு கேள்விகள். கணக்கை விட்டவர் கால் பங்கை இழந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

முதுநிலையில் கதவு கொஞ்சம் அகலம். ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூர் நிம்ஹான்ஸ், 2009ல் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய நரம்பு அறிவியல் மையம் ஆகியவை இத்துறையின் முக்கியத் தளங்கள். மானேசரின் முதுநிலைப் படிப்பு பல துறைப் பட்டதாரிகளையும் வரவேற்கிறது.

துறையின் முன்னோடிகளும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள் அல்ல. அச்சமும் மன அழுத்தமும் மூளையை எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் சுமந்திர சட்டர்ஜி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் இயற்பியல் படித்தவர். மூளை கருவில் உருவாகும் விதத்தை ஆராயும் ஷுபா தோலே, மும்பை சேவியர் கல்லூரியில் உயிரியல் படித்தவர். வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர்.

ஆகவே கணக்கை விட்டவர்களுக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உளவியலோ உயிர்வேதியியலோ எடுப்பவர்கள், சேரும் முன் பாடத்திட்டத்தில் மூன்றைத் தேடட்டும்: புள்ளியியல், புரோகிராமிங், சொந்தமாகச் செய்யும் ஆய்வுத் திட்டம். இல்லாததைத் தனியாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் பதினேழு வயதில் பள்ளியில் எளிதாகக் கிடைத்திருக்கும் அதே பாடத்துக்கு, இருபத்தொரு வயதில் இரட்டிப்பு உழைப்பு தேவைப்படும்.

முன்யோசனைக்கும் திட்டமிடலுக்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது என்பது நரம்பு அறிவியலின் முடிவு. நம் பள்ளிகளோ எந்தப் பாடத்தை விடுவது என்ற முடிவைப் பதினைந்து வயதில் கேட்கின்றன. சந்தேகம் இருந்தால், இப்போதைக்கு எதையும் விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.