விழுப்புரமா, திண்டிவனமா?

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். "ஐயா, வீடு கட்ட மனை வாங்க எண்ணியுள்ளேன். விழுப்புரம் நல்லதா, திண்டிவனம் நல்லதா?" என்று வினவினார். இரு நகரங்களிலும் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். அவருக்குக் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன். நாளை நீங்களும் குடும்பத் தலைவர்களாகும்போது இது பயன்படும்.

இரண்டும் ஒரே மாவட்டத்து நகரங்கள். இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத் தலைநகராயிற்று. சென்னை, புதுச்சேரி, மயிலாடுதுறை, திருச்சி, காட்பாடி ஆகிய ஐந்து திசைகளுக்கும் அங்கிருந்து இருப்புப்பாதை செல்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியும் அருகே முண்டியம்பாக்கத்தில் உள்ளது. ஆதலின் அரசு அலுவலர்க்கும், முதியோர் உள்ள குடும்பத்திற்கும் அது ஏற்றது; வீட்டை வாடகைக்கு விடுவதும் எளிது.

திண்டிவனமோ சென்னைக்கு அந்த 40 கிலோமீட்டர் நெருக்கமானது. செஞ்சி, புதுச்சேரி, மரக்காணம் செல்லும் சாலைகள் அங்கே பிரிகின்றன. வணிகர்க்கு அது வசதி. ஆனால், தொழிற்சாலை வரப்போகிறது என்னும் பேச்சை மட்டும் நம்பி மனையில் பணத்தைப் போடுதல் கூடாது. பேச்சு வேறு, வந்துவிட்ட தொழிற்சாலை வேறு.

இவை யாவற்றினும் முதன்மையானது நீர் செல்லும் வழி. இது ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரியைச் சேரும். அவ்வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால், நீர் வீட்டிற்குள் வழி தேடும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தில் வெள்ளம் உயர்ந்து புகைவண்டிகள் நின்றன. அந்நாளில் இரு நகரங்களுக்கும் வேற்றுமை இல்லை. மேட்டு மனைக்கும் பள்ள மனைக்குமே வேற்றுமை.

நானும் ஒருமுறை ஏமாந்தவனே. சித்திரை மாதத்தில் ஒரு மனையைப் பார்த்து முன்பணம் கொடுத்தேன். கார்த்திகையில் சென்றபோது அங்கே முழங்காலளவு நீர் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "இது பழைய வாய்க்காலாச்சே, வாத்தியாரய்யா!" என்றார். கொடுத்த பணம் திரும்பவில்லை.

ஆதலின் வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி ஆகியவற்றோடு, கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏரியும் வாய்க்காலும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பின்னர் அவ்வூர் உழவரை விசாரியுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று நில்லுங்கள்.

இதைக் கேட்ட என் மாணவர், "அப்படியானால் கார்த்திகை வரட்டும், ஐயா" என்று கூறி விடைபெற்றார். எவ்வூரைத் தேர்ந்தாலும் அவர் நலமாக வாழ்வார் என்று நம்புகிறேன்.