பழைய அட்டைக்கும் ஒரு மொழி உண்டு

1980களில் ஐபிஎம் வகை மேசைக் கணினி வாங்கியவர்களுக்கு அதிலிருந்து கிடைத்தது பெரும்பாலும் ‘பீப்’ ஒலிதான். இசையும் பேச்சும் கேட்க வேண்டுமானால், தனியாக ஓர் ஒலி அட்டை வாங்கி, கணினியைத் திறந்து, தாய்ப்பலகையில் செருக வேண்டும்.

அப்படி உலகெங்கும் விற்பனையான ‘சவுண்ட் பிளாஸ்டர்’ சிங்கப்பூரில் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நீ ஆனில் படித்த சிம் வோங் ஹூ 1981ஆம் ஆண்டில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989ல் அதை வெளியிட்டது. 1992ல் ‘சவுண்ட் பிளாஸ்டர் 16’ வந்தது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படிக்கும் எனக்குப் பழைய கணினிகளைச் சீரமைப்பது பொழுதுபோக்கு. அந்த 16 அட்டை ஒன்றும், அது பொருந்தும் பென்டியம் 3 கணினி ஒன்றும் என்னிடம் உள்ளன. அவற்றைப் புதிய இயங்குதளத்தில் ஓடவைக்க முயன்றபோது மூன்று விஷயங்களைக் கற்றேன்.

முதலாவது, அறிமுகம். இன்றைய அட்டையைச் செருகியதும், அது தன் அடையாள எண்ணைக் கணினியிடம் தானே காட்டிவிடும். என்னுடையது ஐஎஸ்ஏ எனும் பழைய வகை. அது தன்னைப் பற்றி வாய் திறக்காது. முகவரி 220, குறுக்கீட்டு எண் 5 என்பதையெல்லாம் இயங்குதளத்திடம் நாமே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நினைவகம். ஐஎஸ்ஏ இணைப்பில் முகவரிக்கான கம்பிகள் 24தான். இரண்டின் 24ஆம் அடுக்கைக் கணக்கிட்டால் 16 மெகாபைட் வரும். அதற்கு மேல் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் அட்டையால் எட்ட முடியாது. அதனால், லினக்ஸ் முதல் 16 மெகாபைட்டைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைத்து, இத்தகைய அட்டைகளுக்கு அங்கிருந்து இடம் தருகிறது.

மூன்றாவது, இயக்கி. அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் மென்பொருள் அது. 2021ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. பழைய 32 பிட் இயக்கிகள் அதில் ஓடா. மூல நிரல் தயாரிப்பாளரிடம் மட்டும் இருந்தால், அவர் மாற்றி எழுதினால்தான் உண்டு. லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகளின் மூல நிரல் கெர்னலுடன் சேர்ந்தே இருக்கிறது. உள்ளமைப்பை மாற்றுபவரே அதனால் பாதிக்கப்படும் பழைய இயக்கிகளையும் திருத்த வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். என் அட்டைக்கும் அங்கே இயக்கி இருந்தது. எண்களைக் கொடுத்ததும் பாட்டுக் கேட்டது!

ஆனால், இந்த ஆதரவு என்றென்றும் நீடிக்காது. யாரும் பயன்படுத்தாத நிரல் ஒரு சுமை. சோதித்துப் பார்க்க அட்டை இல்லாவிட்டால் பிழையும் தெரியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 கணினியில்தான். அந்த 386க்கான ஆதரவே 2013ல் வந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது.

இது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்டது மட்டுமன்று. நான் வேலைப் பயிற்சிக்குச் சென்ற ஒரு தொழிற்சாலையில், சோதனை இயந்திரம் ஒன்று ஐஎஸ்ஏ அட்டை வழியாகப் பழைய கணினியுடன் இணைந்து வேலை செய்கிறது. இயந்திரத்தில் குறையில்லை. ஆனால், அட்டையின் இயக்கி பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். மூல நிரல் அங்கு யாரிடமும் இல்லை. அந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதால் கணினியை இணையத்தில் இணைப்பதில்லை. அந்தக் கணினி நின்றுபோனால், நல்ல இயந்திரத்தையும் கழித்துக்கட்ட வேண்டியிருக்குமோ என்பது அங்குள்ள பொறியாளரின் கவலை.

கணினி, பொறியியல் படிக்கும் நண்பர்களே, வீட்டிலோ பள்ளியிலோ பழைய அட்டை கிடைத்தால் வீசுவதற்குமுன் அதன் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதற்கு இயக்கி உள்ளதா என்று தேடுங்கள். இருந்தால் மூல நிரலைத் திறந்து படியுங்கள். ஒரு கருவியுடன் மென்பொருள் எப்படிப் பேசுகிறது என்பது அதில் வரிவரியாக இருக்கும். அட்டையைச் சோதித்துப் பார்த்து, முடிவை இயக்கியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஓர் இயக்கியை வைத்திருப்பதா நீக்குவதா என்று அவர்கள் யோசிக்கும்போது, “என்னிடம் இந்த அட்டை இருக்கிறது, இன்னும் ஓடுகிறது” என்று ஒருவர் சொல்வது பெரிய உதவி.