பாதிக் கப்பல் செய்த ஜாலம்!

1966-ம் ஆண்டு அமெரிக்க டெலிவிஷனில் “ஸ்டார் டிரெக்” தொடர் ஆரம்பமாயிற்று. அதில் வரும் விண்வெளிக் கப்பல் “எண்டர்பிரைஸ்”. நீளம் 947 அடி! மாலுமிகள் 430 பேர்!

கப்பலுக்கு இறக்கை கூடாது, அது நெருப்பைக் கக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார், தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பரி. கப்பலை வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். எஞ்சின்களின் பயங்கர சக்தி மாலுமிகளுக்கு ஆபத்து என்று கருதி, அவற்றை எட்டத்தில் தூண்களின் மேல் நிறுத்தினார்.

படம் பிடித்ததோ 11 அடி மாதிரிக் கப்பலைத்தான்! உள்ளே விளக்குகள் வைத்ததும் இடப்பக்கம் மின்சாரக் கம்பிகள் துருத்தின. எனவே வலப்பக்கத்தையே படம் எடுத்தார்கள். இடப்பக்கம் தெரியவேண்டுமா? எழுத்துக்களை இடம் வலமாக மாற்றி ஒட்டிப் படம் எடுத்து, பிலிமைத் திருப்பிப் போட்டார்கள்!

அண்டத்தை வலம் வந்த கப்பலுக்கு ஒரு பக்கம்தான் என்பதை ரசிகர்கள் கண்டுகொள்ளவே இல்லை!